இலங்கை ஹட்டன்ல பையனை ஸ்கூல்ல சீண்டறாங்க, எங்க கம்ப்ளெயின்ட் பண்றது?

கோவைப்பொண்ணு: ஹட்டனுக்கு வந்து ரெண்டு மாசம். பையன் ஏழாவது. கணக்கு நோட்டு அட்டையில ‘கள்ளத்தோணி’ன்னு (திருட்டுத்தனமா படகுல வந்தவன்னு) எழுதியிருக்காங்க, பேனா அழுத்தி மூணு தாள் வரைக்கும் தடம். நாளைக்குப் போகமாட்டேங்கறான். டி.சி. வாங்கிடவா? அவசரம்.

கொட்டகலையான்: முதல்ல வதிவிட விசாவைப் பாருங்க தங்கச்சி.

மலைச்சாரல்: 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்க பகிடிவதை (ராகிங்) சட்டம் இருக்கு. நேரா பொலிஸ்.

லயத்துக்காரன்: அது பல்கலைக்கழகம், கல்வியியற் கல்லூரிகளுக்கு. பாடசாலைச் சீண்டலுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தண்டனைச் சட்டக்கோவையோட 2018 திருத்தத்துக்கு அப்புறம் 12 வயசுக்குக் கீழ செஞ்சா குற்றமில்ல. 12–14ன்னா முதிர்ச்சியைப் பார்த்து நீதவான் முடிவெடுப்பார். மாகாண அரசு நடத்துற பாடசாலையா, மத்திய அமைச்சு நடத்துற தேசியப் பாடசாலையா? செய்தது பிள்ளைகள் மட்டுமா?

மலைச்சாரல்: ‘கள்ளத்தோணி’, 1948ல குடியுரிமையைப் பறிகொடுத்த மலையகத் தமிழர் நமக்கு ஒட்டின வசை. நம்ம பிள்ளைங்களே எடுத்து வீசுதுங்க!

கொட்டகலையான்: கணக்குக்கே ஆசிரியர் இல்ல, இதை யாரு கவனிக்கிறது?

கோவைப்பொண்ணு: மாகாண ஸ்கூல். பசங்கதான். ஆனா ஒரு டீச்சர் போன வாரம் காதோட சேர்த்து அறைஞ்சாங்க. இன்னும் அந்தப் பக்கம் சரியா கேக்கலங்கறான்.

லயத்துக்காரன்: இதையல்லவா முதல்ல சொல்லணும்! இன்னைக்கே டிக்கோயா ஆதார வைத்தியசாலை. எப்படி அடிபட்டதுன்னு டாக்டர்கிட்ட அப்படியே சொல்லுங்க, ‘விழுந்துட்டான்’ வேண்டாம். அடிக்கக் கூடாதுன்னு கல்வி அமைச்சோட 12/2016 சுற்றறிக்கை இருக்கு. தண்டனைச் சட்டக்கோவை 308அ சிறுவர் கொடுமை. அதனால இதுக்குப் பொலிஸ் சிறுவர், பெண்கள் பிரிவு சரி. சிங்களத்துல எழுதினா வாசிச்சுக் காட்டாம கையெழுத்துப் போடாதீங்க.

அதிபருக்கு (உங்க ஊர் ஹெட்மாஸ்டர்) கடிதம் ரெண்டு பிரதி: திகதி, பாடவேளை, சொன்ன சொல், பார்த்தவங்க. ஒண்ணுல ‘கிடைத்தது’ முத்திரை வாங்குங்க. தர மறுத்தா ஹட்டன் வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் பதிவுத் தபால்.

அறைஞ்ச ஆசிரியர் மேல உயர் நீதிமன்றத்துல அடிப்படை உரிமை மனு போட ஒரு மாசம்தான், அதுல ஒரு வாரம் போயிட்டுது. அதுக்குள்ள மனித உரிமை ஆணைக்குழுவுல முறையிட்டா, விசாரணை நடக்குற காலம் கணக்குல சேராது. ஆசிரியர் அறைஞ்சு காது பாதிச்ச மாணவனுக்கு 2021ல உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுத்தது. இங்க உயர் நீதிமன்றம்னா உங்க ஊர் உச்ச நீதிமன்றம். மாணவன் மேல இந்த மனு போட முடியாது, அரச ஊழியர் மேலதான்.

டி.சி.க்கு இங்க விடுகைப் பத்திரம்னு பேரு. இப்ப வாங்காதீங்க, பிள்ளை போயிட்டா கடிதம் அதிபர் மேசையிலயே கிடக்கும்.

கோவைப்பொண்ணு: 1929ன்னு சிறுவர் உதவி போன் நம்பர் இருக்காமே, அதுல தமிழ்ல பேசலாமா?

லயத்துக்காரன்: பேசலாம், 24 மணி நேரமும். நோட்டு அட்டையைக் கிழிச்சுடாதீங்க.