வேலூர்க் கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளை இடிக்கக் கூடாதுன்னு விதி வேணுமா?

பாலாற்றங்கரை:
குடியிருப்போர் கூட்டத்தில் வந்த யோசனை இதுதான். நம்ம தெருக்களில் இருக்கும் ஓட்டு வீடு, மெட்ராஸ் டெரஸ் (மரக் கட்டை மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை) வீடுகளின் முகப்பை இடிக்கக் கூடாது, திண்ணையும் தூணும் அப்படியே நிற்கணும், ரெண்டு மாடிக்கு மேல் போகக் கூடாது, இதை விதியாக்கச் சொல்லி மாநகராட்சியிடம் நாமே மனு கொடுப்பது. நான் முழு ஆதரவு. வேலூர் என்றால் கோட்டை, 1806 சிப்பாய்ப் புரட்சி, ஜலகண்டேஸ்வரர் கோவில் என்று பேசுகிறோம், சரி. அகழிக்கு வெளியே சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இந்த வீடுகளை விட்டால் வேறு என்ன இருக்கு?

மூணாவது வீடு:
சார், பழைய நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் மத்திய சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தப்படி கோட்டையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுசா எதுவும் கட்ட முடியாது. அதைத் தாண்டி இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். எங்கள் வீடு அந்த 200-க்குள் வருது. அப்பா காலத்துக்கு அப்புறம் மூணு பங்கு. ஆளுக்கொரு மாடி போட்டால்தான் யாரும் ஊரை விட்டுப் போகாமல் இருக்க முடியும். ஏற்கெனவே ஒரு கதவைத் தட்டிக்கொண்டு இருக்கிறோம், நீங்கள் இன்னொரு பூட்டு போடச் சொல்கிறீர்கள்.

கொத்தனார் மகன்:
ரெண்டு பேருக்கும் ஒரு விஷயம் சொல்றேன். இந்த வீடுகள் தானாக விழுவதில்லை. செங்கலைச் சுண்ணாம்பில் வைத்துக் கட்டின சுவர் மேல் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உப்பு பூத்து, அடுத்தடுத்த மழையில் பூச்சு உப்பி, விரலால் தட்டினால் டொக் டொக்குன்னு சத்தம் வரும், அப்புறம் பெரிய பெரிய வில்லையாகக் கழன்று விழும். உடனே வீடு தாங்காது, இடிச்சிடலாம் என்பார்கள். மெட்ராஸ் டெரஸ் லேசுப்பட்ட வேலை இல்லை. தேக்குக் கட்டை மேல் சின்ன செங்கலை நிறுத்தி வைத்து மூலைவாட்டில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து நாள் கணக்கில் தட்டுவார்கள். வேலூர் மே மாத வெயிலில் அதற்குக் கீழே ஒரு மதியம் படுத்துப் பாருங்க. ஆனால் அந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைஞ்சு போயிட்டாங்க, கிடைத்தாலும் கூலி அதிகம். அதை யார் கொடுப்பது?

பாலாற்றங்கரை:
தம்பி கேட்டது நியாயம். புதுச்சேரி வைசியாள் வீதியைப் பாருங்கள். வெளியிலிருந்து நிதி வந்தது, வீட்டுக்காரர்களும் பங்கு போட்டார்கள், முகப்புகள் மீண்டன, 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. இங்கேயும் கேட்கலாமே.

திண்ணை வீட்டு அக்கா:
எனக்கு முட்டி வலி. கக்கூஸ் கொல்லையில் இருக்கு, ராத்திரி முற்றத்தைத் தாண்டிப் போகணும். உள்ளேயே ஒண்ணு கட்டணும்னா அதுக்கும் கமிட்டி வந்து பார்க்குமா? தெருவுக்குத் தெரிவதை மட்டும் பாருங்க, என் அடுக்களைக்குள்ளும் கொல்லைக்குள்ளும் வராதீங்க. அப்படி எழுதினால் திண்ணையை நான் தொடவே மாட்டேன், எனக்கும் அது வேணும், சாயந்திரம் பூரா அங்கேதான் உட்காருவேன்.

பாலாற்றங்கரை:
அக்கா சொன்னதை அப்படியே மனுவில் சேர்க்கலாம். முகப்பு மட்டும், உள்ளே அவரவர் இஷ்டம். மாடியும் பின்பக்கம் தள்ளி, தெருவிலிருந்து தெரியாதபடி கட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மூணாவது வீடு:
சார், உங்கள் வீட்டுக்குப் பின்னால் இடம் கிடக்குது. எங்கள் மனை அகலமும் இல்லை, நீளமும் இல்லை. பின்னால் தள்ளச் சொன்னால் கிணற்று மேல்தான் கட்டணும். அக்கா சொன்னது சரி, அதை எழுதுங்க. கூடவே சுண்ணாம்பு வேலைக்கு மானியம், வீட்டு வரியில் கழிவு, சின்ன மனைக்கு மாடியில் விலக்கு, மனு போட்டால் பதில் சொல்ல ஒரு கெடு, இந்த நாலும் எழுத்தில் வரட்டும். அதுவரை நான் கையெழுத்துப் போட மாட்டேன், என் தம்பிகளும் போட மாட்டார்கள்.