நைல் நதிக் கப்பல்: அறைத் தேர்வும் தனி வழிகாட்டியும் – அனுபவப் பகிர்வு

வைகைக்கரை எழுதியது:

கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய ஜன்னலின் திரையை விலக்கியதும், எதிரே ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கையை நீட்டினால் அவருடைய தோளைத் தொட்டுவிடலாம், அவ்வளவு நெருக்கம். அவரும் என்னைப் பார்த்தார். நுரை ததும்பும் வாயோடு அவர் தலையசைத்து வணக்கம் சொன்னதும், நான் பதறிப்போய்த் திரையை இழுத்து மூடியதும் இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. பதில் வணக்கமாவது சொல்லியிருக்கலாம்.

எகிப்தில் லக்ஸரில் ஏறி அஸ்வானில் இறங்கும் நான்கு இரவுப் பயணம் அது. கப்பல் தெற்கு நோக்கிச் செல்வதால் வலப்பக்கம் மேற்கு. ஆகவே சூரியன் மறைவதை அறையிலிருந்தே பார்க்கலாம் என்று கணக்குப் போட்டு, மேல்தளத்தில் வலப்பக்க அறையைக் கேட்டு வாங்கினேன். கப்பல்களைத் துறையில் எப்படிக் கட்டி நிறுத்துவார்கள் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நைல் துறைகளில் இடம் போதாததால், ஒன்றன் விலாவில் இன்னொன்றாக நான்கைந்து கப்பல்களைச் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். லக்ஸரில் நாங்கள் நின்றது கிழக்குக் கரை. இடப்பக்கம் கரை இருக்க, வலப்பக்கம் அடுத்த கப்பல் வந்து ஒட்டிக்கொண்டது. வழியில் நிற்கும் ஊரான எட்ஃபு மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே எங்களுக்குக் கரையோர இடமே கிடைத்தது, அதனால் என் ஜன்னலுக்கு வெளியே துறைச்சுவர். மீண்டும் கிழக்குக் கரையான கோம் ஓம்போவில் இன்னொரு கப்பலின் ஜன்னல் வரிசை. சூரியன் மறைவதை நாங்கள் தினமும் மொட்டைமாடித் தளத்தில்தான் பார்த்தோம். அங்கே உட்கார யாருக்கும் தனிக்கட்டணம் கிடையாது.

ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

வைகைக்கரை அவர்களே, உங்களுக்கு நேர்ந்தது கண்ணோடு போயிற்று, எனக்குத் தூக்கமே போயிற்று. மலிவு என்று கீழ்த்தளத்தில், அதுவும் பின்கோடியில் அறை எடுத்தேன். கப்பல் கட்டிக் கிடக்கும் நேரத்திலும் குளிர்சாதனத்திற்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும் என்பது தொழிலால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. முதல் இரவு கண்ணாடிக் குவளை தட்டோடு மோதிக் கிணுகிணுத்தது. துண்டில் சுற்றி வைத்தேன். அது அடங்கியதும் அலமாரிக்குள் துணி மாட்டும் கம்பிகள் தொடங்கின. அவற்றையும் கழற்றித் தரையில் அடுக்கிவிட்டுப் படுத்தால், கட்டிலே மெல்லிய காய்ச்சல் கண்டதைப் போல நடுங்கிக்கொண்டிருந்தது.

இனிப் போகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். அறையின் வகைப்பெயரை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ‘டீலக்ஸ்’, ‘சுப்பீரியர்’ என்பவற்றின் பொருள் கப்பலுக்குக் கப்பல் மாறும். தளவரைபடத்தை அனுப்பச் சொல்லி, முன்கோடிக்கும் பின்கோடிக்கும் நடுவில் அறை எண்ணைக் குறித்துக் கேளுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே எடுத்தால் விடியும் முன்பே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும். வரவேற்புக் கூடத்தின் ஓரம் என்றால், அடுத்த கப்பல்களின் பயணிகள் உங்கள் கதவைக் கடந்துதான் கரைக்குப் போவார்கள்.

தனி வழிகாட்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். கப்பல் இரவு தங்கும் ஊர்களில் மட்டும் அமர்த்திக்கொள்ளுங்கள், அதாவது லக்ஸரும் அஸ்வானும். அஸ்வானிலிருந்து அபு சிம்பல் கோயிலுக்குச் சுமார் 280 கிலோமீட்டர். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, அதே தொலைவைத் திரும்பி வர வேண்டும். வழியில் வண்டி பழுதானாலும் கப்பல் துறையிலேயே நிற்கும் என்ற நிம்மதி அங்கே உண்டு. எட்ஃபுவில் அந்த நிம்மதி கிடையாது. கோம் ஓம்போவில் கோயில் துறையின் தலைமாட்டிலேயே இருப்பதால் தனி ஏற்பாடு வீண்செலவு. முதலைத் தலைக் கடவுளான சோபெக்கிற்கும் பருந்துத் தலைக் கடவுளான மூத்த ஹோரஸுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கட்டிய கோயில் அது என்பதும், பக்கத்து அருங்காட்சியகத்தில் இருப்பவை பதப்படுத்திய முதலைகள் என்பதும் தெரிந்தால் போதும்.

சிங்கை ஆசிரியை எழுதியது:

பொறியாளர் ஐயா எட்ஃபுவைப் பற்றிச் சொன்னது சரிதான். ஆனால் அவர் சொல்லாத ஒன்று அங்கே எனக்கு நடந்தது.

துறையிலிருந்து கோயிலுக்குப் பயணிகளைப் பெரும்பாலும் குதிரை வண்டியில்தான் அழைத்துப் போனார்கள். எலும்பு தெரியும் அந்தக் குதிரைகளைப் படங்களில் பார்த்த பிறகு என் மகள் ஏற மாட்டேன் என்றாள். அதனால்தான், லக்ஸரில் இருக்கும்போதே காரோடு ஒரு தனி வழிகாட்டியை இணையம் வழியாகப் பேசி, முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டியிருந்தேன். எங்கள் கப்பலின் கூட்டம் உள்ளே நுழையும்போது அவர் எங்களை வெளிச்சுவரின் உட்பக்கம் கூட்டிச் சென்று, நீர்யானை வடிவில் ஒளியும் சேத் என்னும் பகைவனை ஹோரஸ் ஈட்டியால் குத்தும் சிற்ப வரிசையை ஒவ்வொரு கட்டமாக விளக்கினார். கி.மு. 237-இல் தொடங்கி கி.மு. 57-இல் முடித்த கோயில் அது. பேரன் பேத்திகளும் உளி பிடித்திருப்பார்கள் என்று அவர் சொன்னதை மகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

திரும்பும் வழியில் குதிரை வண்டிகளின் நெரிசலில் கார் சிக்கிக்கொண்டது. வழிகாட்டி கப்பலின் வரவேற்பறையைக் கைப்பேசியில் அழைத்தார். கப்பல் ஏற்பாடு செய்த குழு முழுவதும் ஏறிவிட்டதாகவும், தனியாகப் போனவர்களுக்காகக் காத்திருக்க இயலாது என்றும் பதில் வந்தது. காரை விட்டு இறங்கி ஓடினோம். மகளின் பையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவரும் கூடவே ஓடி வந்தார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த பணியாளர் ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, பலகையைத் தாண்டி உள்ளே விழுந்தோம். பை எங்களுக்குப் பின்னால் பறந்து வந்தது. திரும்பிப் பார்த்தால் அவர் துறையில் நின்று மூச்சிரைக்கச் சிரித்தபடி கையசைத்துக்கொண்டிருந்தார். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த அன்பளிப்புப் பணம் என் உள்ளங்கையில் கசங்கிக் கிடந்தது. பிறகு முகவர் மூலம் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு முறை எழுதிக் கேட்டும் பதில் இல்லை.

தஞ்சாவூர்க்காரன் எழுதியது:

வைகைக்கரை அண்ணன் கப்பல்களை ஒட்டிக் கட்டுவதைப் பற்றி எழுதியதைப் படித்ததும் என் கதையை எழுதாமல் இருக்க முடியவில்லை. அப்பாவுக்கு அப்போது 78 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. படி ஏற வேண்டாம் என்று வரவேற்புக் கூடம் இருக்கும் தளத்திலேயே அவருக்கு அறை எடுத்தேன். சாமர்த்தியமாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பு லக்ஸரில் முதல் காலை வரைதான் நீடித்தது.

கரையிலிருந்து எங்கள் கப்பல் ஐந்தாவது. கரைக்குப் போக வேண்டுமானால் நான்கு கப்பல்களின் வரவேற்புக் கூடங்கள் வழியாக நடக்க வேண்டும். ஒவ்வொன்றின் கதவும் அடுத்ததன் கதவுக்கு நேராக இருந்தாலும், உயரம் ஒத்துப்போவதில்லை. ஒரு கப்பலில் இரும்பு வாசற்படியைத் தாண்ட வேண்டும், அடுத்ததில் மூன்று படி இறங்கிப் பலகையில் ஏற வேண்டும். கடைசியில் கரைக்கு ஏறும் படிக்கட்டு வேறு. இரண்டு கப்பல்களைத் தாண்டி, மூன்றாவதன் கூடத்தில் இருந்த சோபாவில் அப்பா உட்கார்ந்துவிட்டார். “நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்” என்றார்.

அவர் பள்ளியில் வரலாறு நடத்தியவர். கர்னாக் கோயிலின் 134 தூண் மண்டபத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவர். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்தோம். தனிக் கார் கரையில் காத்திருந்தது, வழிகாட்டிக்குப் பணமும் கட்டியாயிற்று. தம்பி பிள்ளைகள் வேறு கூட இருந்தார்கள். போனோம். இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, முன்பின் தெரியாத அந்தக் கப்பலின் பணியாளர்கள் கொடுத்த செம்பருத்தித் தேநீரைக் குடித்துக்கொண்டு அப்பா அதே சோபாவில் இருந்தார். “134 தூணா? எண்ணினாயா?” என்று கேட்டார். நான் எண்ணவில்லை.

மறுநாள் கப்பல் இடம் மாறியது, கரையோரம் ஒட்டி நின்றது. ஆனால் அது லக்ஸரைத் தாண்டி எஸ்னாவில்.

பாய்மரப் பயணி எழுதியது:

இத்தனை தொல்லையும் வேண்டாம் என்றுதான் நாங்கள் தஹபியா எடுத்தோம். இரண்டு பாய்கள் கட்டிய மரக்கலம், எட்டே அறைகள். எல்லா அறைகளும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் எதை எடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. ஒன்றோடொன்று கட்டுவதும் இல்லை. மாலையில் ஏதாவது ஒரு தீவோரம் மரத்தில் கயிற்றைக் கட்டிவிடுவார்கள். நைல் வடக்கே ஓடுகிறது, காற்று வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. பழைய எகிப்தியர் தெற்கே போவதை எழுத விரித்த பாயோடும், வடக்கே போவதை எழுதப் பாயில்லாமலும் படகை வரைந்தார்கள் என்று எங்கள் வழிகாட்டி சொன்னபோது, தலைக்கு மேலே அந்தப் பாயே விரிந்திருந்தது.

பெரிய கப்பல்கள் நிற்காமல் கடந்துபோகும் கெபெல் சில்சிலாவில் நாங்கள் இறங்கினோம். கோயில்களுக்குக் கல் வெட்டி எடுத்த மணற்கற் குன்று அது. உளித்தடங்கள் நெற்றியில் இட்ட விபூதிப் பட்டையைப் போல வரிவரியாக இருந்தன. அங்கே எங்களைத் தவிர மனித நடமாட்டமே இல்லை.

மறுநாள் காற்று நின்றுவிட்டது. இழுவைப் படகு ஒன்று வந்து பகல் முழுவதும் எங்களை இழுத்தது. அதன் டீசல் புகை நேராக எங்கள் அறைக்குள் வந்தது.

ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதியது:

பாய்மரப் பயணி அம்மா சொல்லும் தஹபியா இரண்டு மூன்று மடங்கு விலை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். மேலும், அவை பெரும்பாலும் எஸ்னாவுக்குத் தெற்கிலிருந்தே கிளம்புவதால், லக்ஸருக்கான கார், வழிகாட்டி, விடுதி எல்லாமே தனிச்செலவு. எஸ்னாவில் கப்பல் தடுப்பணையைக் கடக்கக் காத்திருக்கும்போது, சிறு படகுகளில் வரும் வியாபாரிகள் மேசை விரிப்பையும் அங்கியையும் நெகிழிப் பையில் போட்டு மொட்டைமாடிக்கு எறிவதும், விலை படிந்தால் பணத்தை அதே பையில் போட்டுக் கீழே எறிவதுமான வேடிக்கையை அவர் பார்த்திருக்க முடியாது.

தஞ்சாவூர்த் தம்பி, தவறு உங்களுடையது அன்று. ஆனாலும் முதியவர்களோடு போகிறவர்கள் கப்பலுக்கு முன்கூட்டியே எழுதி, சக்கர நாற்காலியைத் தூக்க ஆள் கிடைப்பார்களா என்று கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தஞ்சாவூர்க்காரன் எழுதியது:

ஐயா, ஆட்கள் இருந்தார்கள். நாற்காலியோடு தூக்குவதாகவும் சொன்னார்கள். அப்பாதான் சம்மதிக்கவில்லை.

சிங்கை ஆசிரியை எழுதியது:

வரவேற்புக் கூடத்தில் உங்கள் தந்தையார் உட்கார்ந்திருப்பதை எண்ணினால் மனம் கனக்கிறது, தம்பி. அறிவுரைகளுக்கு நடுவே ஒன்றை மட்டும் சொல்கிறேன். லக்ஸருக்கு எதிர்க்கரையில் இருக்கும் அரசர் பள்ளத்தாக்கில் கல்லறைகளுக்குள் வழிகாட்டிகள் விளக்கம் சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் வெளியே சொல்லித்தான் அனுப்ப வேண்டும். கப்பல் குழுவில் 25 பேருக்கு ஒரு வழிகாட்டி வெயிலில் நின்று படத்தாளைத் தூக்கிக் காட்டினார். பின்வரிசைக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வழிகாட்டி கீழே குனிந்து, புழுதியில் குச்சியால் ஒரு நீண்ட பெண்ணுருவத்தை வரைந்தார். அவள் வானம். மாலையில் சூரியனை விழுங்குகிறாள், இரவெல்லாம் அது அவள் உடலுக்குள் பயணம் செய்கிறது, விடியலில் ஈன்றெடுக்கிறாள். ஆறாம் ராம்செஸ் கல்லறையின் உட்கூரையில் அவளை நிமிர்ந்து பார்த்தபோது யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெளியே வந்தபோது அந்தப் புழுதிப் படத்தை அடுத்த குழு மிதித்துக்கொண்டிருந்தது.

சாதாரணச் சீட்டில் மூன்று கல்லறைகள்தாம். இந்தக் கல்லறைக்கும், துட்டன்காமுன், முதலாம் சேத்தி கல்லறைகளுக்கும் தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டும். கப்பல் குழுக்கள் இவற்றைச் சேர்ப்பதில்லை என்பதால், தனி வழிகாட்டிக்குக் கொடுத்த பணத்தை நான் இங்கேதான் நியாயப்படுத்துவேன், எட்ஃபுவில் அன்று.

வைகைக்கரை எழுதியது:

வரும் பிப்ரவரியில் மீண்டும் போகிறோம், இம்முறை அஸ்வானில் ஏறி லக்ஸரில் இறங்குகிறோம். வடக்கு நோக்கிச் செல்வதால் மேற்கு இடப்பக்கமாகிவிடும். இதையெல்லாம் படித்த பிறகு, துறைகளில் கப்பல் எந்தப் பக்கம் கரையைத் தொட்டு நிற்கும், எத்தனையாவது வரிசையில் நிற்கும் என்று கேட்டு எழுதினேன். அன்றன்று காலையில்தான் துறைக்காரர்கள் சொல்வார்கள் என்று நேற்றுப் பதில் வந்தது. நடுத்தளத்தில், நடுப்பகுதியில், எந்தப் பக்கமானாலும் சரி என்று எழுதிவிட்டேன். திரை மட்டும் கனமாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.