ட்ரெண்ட்ஸில் சுங்குடி 100 காட்டுகிறது, சரக்கு எடுக்கலாமா?

மகால் வீதி அக்கா:

அண்ணன்மார், தம்பிமார் எல்லோருக்கும் வணக்கம். மகால் பக்கம் வீட்டில் வைத்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். கடை கிடையாது. ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான். வாங்குகிறவர்களில் பாதி உள்ளூர். மீதி சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று சொந்தக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும்.

அண்ணன் மகன் இன்ஜினியரிங் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் என் போனை வாங்கி, எந்தச் சொல்லை ஜனங்கள் எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டுகிற கூகுள் ட்ரெண்ட்ஸைத் திறந்து, "அத்தை, சுங்குடி நூறு அடித்திருக்கிறது பாருங்கள், இதற்கு மேல் ஏறவே முடியாது" என்றான். கீழே ஊர்ப் பட்டியலில் மதுரைக்கும் 100. சென்னைக்கு அதில் பாதிகூட இல்லை. இதே நேரத்தில் எனக்குச் சரக்கு தருகிற மொத்த வியாபாரி, சித்திரைக்கு முன்னால் பண்டலாக எடுத்தால் விலை குறைத்துத் தருகிறேன் என்று நச்சரிக்கிறார். கையில் சீட்டு எடுத்த பணம் இருக்கிறது. நகைக்கு என்று ஒதுக்கி வைத்தது.

குழப்பம் என்னவென்றால், கோடு ஒரு வாரம் 100, அடுத்த வாரம் 0, அதற்கடுத்த வாரம் 60 என்று தவ்வுகிறது. ஒரு வாரம் முழுக்க யாருமே சுங்குடியைத் தேடவில்லையா? இதை நம்பிப் பணத்தை இறக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூடல்நகர்க்காரன்:

அக்கா, சுங்குடிக்கு மதுரை 100 என்று சொல்ல கூகுள் எதற்கு? ஜிகர்தண்டா போட்டுப் பாருங்கள், அதற்கும் நம்ம ஊர்தான் மேலே நிற்கும். தைரியமாக எடுங்கள். வெயில் காலத்தில் சுங்குடி ஓடாமல் வேறு என்ன ஓடும்?

திருமங்கலம் நெட் சென்டர்:

தங்கச்சி, பணம் பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் இதைப் படியுங்கள்.

அந்த 100 என்பது தேடியவர்களின் எண்ணிக்கை கிடையாது. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்துக்குள், தேர்ந்தெடுத்த இடத்துக்குள், அந்தச் சொல் எந்த வாரம் உச்சத்தில் இருந்ததோ அந்த வாரத்துக்கு 100 கொடுத்துவிட்டு, மற்ற வாரங்களை அதோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள். எதைப் போட்டாலும் எங்காவது ஒரு 100 வந்தே தீரும். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கிய பையன் நாற்பது மார்க்கும் வாங்கியிருக்கலாம் அல்லவா, அந்தக் கதைதான். அதே பெட்டியில் பக்கத்தில் 'நைட்டி' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு உங்கள் சுங்குடிக் கோடு எங்கே போய்ப் படுக்கிறது என்று பாருங்கள்.

0 வருவதற்கும் காரணம் உண்டு. கூகுள் தன்னிடம் வருகிற தேடல் எல்லாவற்றையும் எண்ணி இதைப் போடுவதில்லை; ஒரு மாதிரி எடுத்துத்தான் கணக்குப் போடுகிறது. தேடல் மிகக் குறைவாக இருந்தால் 0 என்று காட்டிவிடும். ஆகவே கோடு இப்படித் தவ்வினால், தேடுகிற கூட்டமே சின்னது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இன்றைக்குப் பார்த்த படத்தை நாலு நாள் கழித்துத் திறந்தால் எண் கொஞ்சம் மாறியிருக்கும். மதுரை 100, சென்னை 40 என்பதும் பங்குக் கணக்குதான். மதுரையில் நடக்கிற மொத்தத் தேடலில் சுங்குடிக்குப் பங்கு அதிகம் என்று பொருள். தலையை எண்ணினால் சென்னையில்தான் கூடுதலாக இருக்கக்கூடும், ஏனென்றால் அந்த ஊரே பெரிது.

காலத்தை மாற்றிப் போட்டால் படம் எப்படி மாறும் என்பதற்கு ஜல்லிக்கட்டைப் பாருங்கள். 2004 முதல் இன்று வரை என்று வைத்தால் 2017 ஜனவரி ஒரு கம்பம் போல நிற்கும். அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் மெரினாவிலும் பிள்ளைகள் உட்கார்ந்த அந்த ஜனவரி. மற்ற ஜனவரி எல்லாம் அதன் காலடியில் எறும்புப் புற்று அளவுக்கே தெரியும். அதை மட்டும் பார்க்கிற வெளியூர்க்காரன், ஜல்லிக்கட்டு மோகம் 2017-லேயே முடிந்துபோனது என்று எழுதிவிடுவான். கடைசி 5 ஆண்டு என்று மாற்றினால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று தை பிறந்ததும் வருகிற மேடு வருடா வருடம் தெரியும்.

சித்திரைக்குச் சரக்கு என்கிறீர்களே, அதற்கும் ஒரு சேதி. அழகர் 2023-ல் மே 5-ம் தேதி ஆற்றில் இறங்கினார். 2024-ல் ஏப்ரல் 23. 2025-ல் மே 12. சித்ரா பௌர்ணமி அப்படி நகரும். உங்கள் அண்ணன் மகன் ஏப்ரலுக்கு ஏப்ரல் ஒப்பிட்டுப் பார்த்தால், 2025-ல் மதுரைக்காரர்களுக்குத் திருவிழாவே சலித்துவிட்டது என்று முடிவுக்கு வருவார். தீபாவளிக்கும் இதே கோளாறு வரும்: 2023-ல் நவம்பர் 12, 2025-ல் அக்டோபர் 20. சேலை வியாபாரத்துக்கு ஆங்கில மாதத்தை வைத்துக் கோடு பார்க்கவே கூடாது, பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மற்றவர்கள் சார்பில் தேடுவதே என் தொழில். பட்டா, வில்லங்கம், வருமானச் சான்று, குரூப் 4 ஹால் டிக்கெட், பத்தாம் வகுப்பு ரிசல்ட். 2023 செப்டம்பர் 15-ல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது சென்டர் வாசலில் இருந்து ரோடு வரைக்கும் ஆட்கள். தே.கல்லுப்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் மஞ்சப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் ரேஷன் கார்டு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டி, "என் பேரு இருக்கான்னு நெட்டுல கேளு சாமி" என்றார். அன்றைக்கு முழுக்க ஒரே கம்ப்யூட்டரில் ஒரே கேள்வியை அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஆள் கொஞ்ச நேரத்துக்குள் திரும்பத் திரும்பத் தேடுவதை ட்ரெண்ட்ஸ் கணக்கில் இருந்து கழித்துவிடும். அந்த வரிசையில் நின்றவர்கள் அந்தக் கோட்டில் எங்கே இருப்பார்கள்? உங்களிடம் வருகிற உள்ளூர் ஆச்சிகளும் அப்படித்தான். கட்டிலில் விரித்துப் போட்ட சேலையைத் தடவிப் பார்த்து வாங்குகிறவர் கூகுளில் எதைத் தேடப் போகிறார்? ஜனங்கள் தமக்குத் தெரியாததைத்தான் தேடுவார்கள். மதுரைக்காரன் மீனாட்சி கோயிலுக்கு வழி தேட மாட்டான், நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று தேடுவான்.

சரக்கை உள்ளூருக்கு எடுக்கிறீர்களா, வெளியூருக்கா? அதைச் சொல்லுங்கள்.

அனுப்பானடி மெடிக்கல்ஸ்:

நெட் சென்டர் அண்ணன் சொன்னதற்கு என் துறையில் இருந்து ஒரு சாட்சி. கூகுளே இதில் சறுக்கியிருக்கிறது. 2008-ல் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். காய்ச்சல், இருமல் என்று ஜனங்கள் தேடுவதை வைத்து, அமெரிக்காவில் ஃப்ளூ எவ்வளவு பரவியிருக்கிறது என்று அரசாங்க அறிக்கை வருவதற்கு முன்பே சொல்லிவிடுவதாக ஏற்பாடு. முதலில் நன்றாகத்தான் போனது. 2012-13 குளிர்காலத்தில் உண்மையைவிட மிகவும் கூட்டிச் சொல்லிவிட்டது. டிவியில் ஃப்ளூ ஃப்ளூ என்று அலறியதைப் பார்த்து நல்லாயிருந்தவர்களும் தேடியதுதான் காரணம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். 2015-ல் அந்தச் சேவையை நிறுத்தினார்கள்.

எங்கள் கடையிலும் அதே கூத்து உண்டு. டெங்கு என்று செய்தி வந்த மறுநாள் நிலவேம்புப் பொடி கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சலே இருக்காது. ஆனால் அண்ணே, ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். அவர்களுக்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும் பொடி விற்கிறதே! ஆசையோ பயமோ, எந்தச் சமயத்தில் கிளம்புகிறது என்பதை ட்ரெண்ட்ஸ் சரியாகத்தான் காட்டுகிறது. எவ்வளவு விற்கும் என்று அதனிடம் கேட்பதுதான் தப்பு.

மகால் வீதி அக்கா:

அண்ணே, உள்ளூருக்குப் புதுச் சரக்கே வேண்டாம், இருப்பதே போதும். வெளியூருக்குத்தான். நீங்கள் சொன்ன மாதிரி நைட்டியைப் போட்டுப் பார்த்தேன். சுங்குடிக் கோடு தரையோடு தரையாகப் போய்விட்டது, அண்ணன் மகன் முகத்தையும் பார்க்க முடியவில்லை. ஆனால் அவன் தமிழில் மட்டும்தான் அடித்திருந்தான். ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி அடிக்கிறார்களே, அதெல்லாம் சேருமா?

ரிசர்வ் லைன் தம்பி:

அக்கா, தானாகச் சேராது. சொல்லாகக் கொடுத்தால் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலும் தனித்தனிதான். தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடித்து நடுவில் கூட்டல் குறி போடுங்கள், மொத்தமாகச் சேர்த்துக் காட்டும். சில விஷயங்களுக்குக் கீழே 'தலைப்பு' என்று வரும், அதைத் தேர்ந்தெடுத்தால் மொழி தாண்டி அதுவே சேர்த்துக்கொள்ளும்.

அப்புறம், சேலை வாங்குகிறவர்கள் வெறும் கூகுளிலேயே இருப்பதில்லை. மேலே 'இணையத் தேடல்' என்று இருப்பதை யூடியூப் என்றோ படங்கள் என்றோ மாற்றிப் பாருங்கள். எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் கூகுள் விளம்பரக் கணக்கில் கீவேர்ட் பிளானர் என்று ஒன்று இருக்கிறது. மாதத்துக்கு 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று வரம்பாகச் சொல்லும், ஊர் வாரியாகவும் பார்க்கலாம். விளம்பரம் கொடுக்காதவர்களுக்கு அந்த அளவுக்குத்தான் காட்டுவார்கள்.

என்னைக் கேட்டால் கோட்டைவிடக் கீழே வருகிற 'தொடர்புடைய வினவல்கள்'தான் உங்களுக்குச் சோறு போடும். அதில் 'அதிகரிப்பவை' என்ற பட்டியலில் எண்ணுக்குப் பதில் 'திடீர் வளர்ச்சி' மாதிரி ஏதாவது போட்டிருந்தால் மிரளாதீர்கள். 5,000 சதவீதத்துக்கு மேல் கூடினால் அப்படிப் போடுவார்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு கை தேடல் வந்தாலும் சதவீதம் அப்படித்தான் எகிறும். சுங்குடிக்குத் தரவு போதாமல் அந்தப் பட்டியலே வராமல் போகலாம். அப்போது இன்காக்னிட்டோவில், அதாவது பழைய தேடல் எதையும் கணக்கில் எடுக்காத தனி ஜன்னலில், யூடியூபைத் திறந்து 'சுங்குடி சேலை' என்று அடித்துவிட்டு எண்டர் தட்டாமல் நில்லுங்கள். கீழே தானாக என்னென்ன விழுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் வழக்கமான யூடியூப்பில் செய்தால் நீங்கள் முன்பு தேடியதையே திருப்பிக் காட்டும்.

மகால் வீதி அக்கா:

தம்பி, நீ சொன்னபடி நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். விலை, மொத்த விலை, மாடல் இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். சாயம் போகுமா, எப்படித் துவைப்பது, கஞ்சி போட வேண்டுமா என்று அடுத்தடுத்து விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் இதை யாரும் வாயைத் திறந்து கேட்டதே இல்லை. முதல் தடவை தனியாக, கல் உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்துவது என்று அம்மா செய்வதைப் பார்த்தே வளர்ந்தோம். பெங்களூரில் இருக்கிற பெண் என்னிடம் சேலை வாங்காமல் போனதற்கு இந்தப் பயம்தான் காரணமோ என்னவோ. விலையைக் குறைத்துக் குறைத்துச் சொல்லிப் பார்த்தேனே தவிர இதைச் சொன்னதில்லை.

மொத்த வியாபாரியிடம் இப்போதைக்குப் பண்டல் வேண்டாம், வழக்கம் போல எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கையால் முடிச்சுப் போட்ட அசல் சுங்குடி மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருக்கிறேன். பிரிண்ட் சுங்குடி எல்லா ஊரிலும் கிடைக்கிறது, அதைத் தேடி ஒருவர் என் வீடு வரை வர வேண்டியதில்லை. அண்ணன் மகன் ஊருக்குப் போவதற்குள் அவனையே பிடித்து, மொட்டை மாடியில் ஒரு சிவப்புச் சேலையைத் துவைத்துக் காட்டி வீடியோ எடுத்துப் போடலாம் என்று இருக்கிறேன். தலைப்பைத் தமிழில் வைப்பதா, ஆங்கில எழுத்தில் வைப்பதா?

ரிசர்வ் லைன் தம்பி:

தலைப்பு தமிழில், கீழே விவரத்தில் ஆங்கில எழுத்தில் இருக்கிற எழுத்துக்கூட்டல் எல்லாம். கேள்வியை அவர்கள் கேட்கிற மாதிரியே வையுங்கள் அக்கா, 'சுங்குடி சேலை சாயம் போகுமா?' என்று.

திருமங்கலம் நெட் சென்டர்:

சிவப்பு வேண்டாம் தங்கச்சி, அதிகம் சாயம் விடுகிற கருநீலத்தையே எடுங்கள். முதல் தண்ணீரில் கொஞ்சம் விடத்தான் செய்யும், அதையும் மறைக்காமல் காட்டுங்கள். வீடியோ போட்டதும் இணைப்பை இங்கே போடுங்கள், எங்கள் வீட்டம்மா கேட்கிறார்.

கூடல்நகர்க்காரன்:

ஜிகர்தண்டாவை ஐந்து வருடத்துக்கு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதோடு எதை ஒப்பிடலாம், பருத்திப்பாலா?