டி/ஜி மெலோடியனில் ஸ்வீடன் போல்ஸ்கா: கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். இரண்டு வரிசை டி/ஜி மெலோடியனில் (ஒரு வரிசை டி மேஜரிலும் மற்றது ஜி மேஜரிலும் உள்ள பொத்தான் துருத்திப்பெட்டி) ஸ்வீடனின் போல்ஸ்கா என்ற மூன்றடி நாட்டுப்புற நடன மெட்டுகளைப் பழகி வருகிறேன். பல மெட்டுகள் ஃபிடிலுக்கென்றே பிறந்தவை, ஏ மைனர், டி மைனர் என்று போனால் என் பெட்டியில் எஃப் நேச்சுரல் (எஃப் ஷார்ப் அல்லாத சாதா எஃப் ஸ்வரம்) இல்லாமல் பாதியில் நின்றுவிடுகிறது. இ மைனருக்கு மாற்றினால் விரல் ஓடுகிறது, ஆனால் ஃபிடில்காரர்களோடு சேர்ந்து வாசிக்க முடியாதே!

அதைவிடத் தாளம்தான் பெரிய பாடு. மூன்றடியில் ஒன்றும் மூன்றும் அழுந்த வேண்டும், ஸ்வீடனின் வேர்ம்லாந்து பகுதியின் பல மெட்டுகளில் முதல் அடியே குறுகும், ஆனால் தள்ளினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறு ஸ்வரம் என்பதால் துருத்தியைத் திருப்பும் இடத்திலெல்லாம் அழுத்தம் தப்பான அடியில் விழுகிறது. இரண்டு வரிசைகளுக்கும் குறுக்காக விரலை மாற்றி இதைச் சரிசெய்தவர்கள் உண்டா? அப்புறம், இடக்கைப் பேஸ் கோர்டில் மேஜரா மைனரா என்று காட்டும் மூன்றாம் ஸ்வரத்தை அடைத்துவிட்டால் மைனர் மெட்டுக்குப் பொருந்துமா?