மீன்பிடிப்பில் லேசான லூர் (போலி இரை) வீசினால் பிரெய்டு (பின்னல் இழை) சிக்கு விழுகிறது, வழி சொல்லுங்கள்

ரீல் ஸ்பின்னிங் 2500, ராட் 7 அடி, லைன் பிஇ 1 (பருமன் எண்) பிரெய்டு, லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவே கட்டும் இழை) 20 பவுண்டு ஃபுளோரோகார்பன். 7 கிராம் லூரை எதிர்காற்றில் வீசினால் லைன் நாலைந்து சுற்று ஒன்றாகக் கிளம்பி ராடின் முதல் வளையத்தில் முடிச்சாகிவிடுகிறது. 12 கிராம் போட்டால் தொல்லையே இல்லை.

வழக்கமான காரணங்களைப் பார்த்தாயிற்று. லைன், அதைச் சுற்றிவைக்கும் ஸ்பூலின் விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிற்கிறது. அடியில் மோனோ (ஒற்றை நைலான் இழை) சுற்றியிருப்பதால் பிரெய்டு வழுக்கவில்லை. பெயிலை (ஸ்பூலில் லைனை வழிநடத்தும் கம்பி வளைவு) மூடுவதும் கையால்தான். கைப்பிடியைச் சுற்றி மூடினால் தொய்வு உள்ளே போய், அடுத்த வீச்சில் அதுவே சிக்காகும்.

சந்தேகம் இரண்டு. ஸ்பூலில் லைன் முன்பக்கம் குவிந்து ஏறுகிறது. அடியில் ஒரு வாஷர் சேர்த்து ஸ்பூலை உயர்த்தினால் பின்பக்கம் கூடுதலாக ஏறும், சரி. அரை மில்லிமீட்டர் போதுமா, ஒன்று வேண்டுமா? அடுத்தது லீடர். ஒரு மீட்டர் நீளம் என்பதால் பிரெய்டையும் லீடரையும் இணைக்கும் எஃப்ஜி முடிச்சு வளையங்களுக்குள் வந்துவிடுகிறது. 50 சென்டிமீட்டராகக் குறைத்து முடிச்சை வெளியே நிறுத்தியவர்களுக்குச் சிக்கு குறைந்ததா?

இன்னும் மெல்லிய பிஇ 0.6-க்கு இறங்கியவர்களும் சொல்லுங்கள். ‘ரீலை மாற்று’ என்பது மட்டும் வேண்டாமே!