வீட்டுத்தோட்டத்து விளைச்சலுக்கும் உணவுச் சட்டம் பொருந்துமா?

உப்புவெளித் தோட்டம் கேட்டது:

உப்புவெளியில் வீட்டைச் சுற்றியுள்ள காணியில் முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை, கத்தரி, பச்சைமிளகாய் ஆகியவற்றைப் பயிரிட்டு, வீட்டுத் தேவைக்குப் போக மிஞ்சுவதை அயலவர்களுக்கும் பக்கத்திலுள்ள இரண்டு கடைகளுக்கும் கொடுத்து வருகிறேன். இந்த வருடம் முருங்கையிலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கி 100 கிராம் பைகளில் அடைத்தும், தேசிக்காயையும் பச்சைமிளகாயையும் ஊறுகாய் போட்டும் விற்கத் தொடங்கினேன். கடைக்காரர்களில் ஒருவர், கீரைக்கட்டுகளை வழக்கம்போல் வாங்கிக்கொண்டாலும், லேபல் இல்லாத பைகளையும் போத்தல்களையும் இனிமேல் கடையில் வைக்க முடியாது என்றும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் வழக்கு தன்மீதுதான் விழும் என்றும் சொல்லிவிட்டார்.

இதற்கிடையில், அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர் காணொளியொன்றை அனுப்பியிருக்கிறார். 2011இல் அங்கு வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தினால் வீட்டுத்தோட்டம் செய்வதே குற்றமாகிவிட்டது என்றும், மற்ற நாடுகளும் அதையே பின்பற்றப் போகின்றன என்றும் அதில் கூறப்படுகிறது. இரண்டில் எதற்கு நான் அஞ்ச வேண்டும்? கீரை விற்பதற்கும் அனுமதி எடுக்க வேண்டுமா, அல்லது பொடிக்கும் ஊறுகாய்க்கும் மட்டுமா? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற பரிசோதகர் எழுதியது:

உங்கள் கடைக்காரர் சொன்னது சரிதான். கீரைக்கட்டை வாங்கிக்கொண்டவர் பொடிப் பையை ஏன் மறுத்தார் என்பதை விளங்கிக்கொண்டால் மீதியும் தெளிவாகிவிடும்.

இலங்கையில் இதற்கு அடிப்படையாக இருப்பது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். மனிதர் உண்பதற்கென விற்கப்படும் எதுவும் அச்சட்டத்தின் பார்வையில் உணவுதான். பொன்னாங்காணிக் கட்டும் அதில் அடங்கும். அழுகிய, கலப்படமான, உடலுக்குத் தீங்கு செய்யும் பொருள் சேர்ந்த உணவை விற்கக் கூடாது என்ற தடை, விற்பவர் பெரிய கம்பனியா, வேலியோரத்தில் நாலு பாத்தி வைத்திருப்பவரா என்று பார்ப்பதில்லை. ஆனால் பதிவும் லேபலும் வேறு விடயம். 2019இல் வந்த உணவு நிலையங்களைப் பதிவுசெய்யும் ஒழுங்குவிதிகள், உணவைத் தயாரிக்கிற, பொதிசெய்கிற, களஞ்சியப்படுத்துகிற, விற்கிற இடங்களைக் குறிவைத்து எழுதப்பட்டவை. நான் கடமையாற்றிய காலத்தில் கீரைப் பாத்திக்குப் பதிவுச் சான்றிதழ் கேட்டவர் எவருமில்லை. நீங்கள் இலையை உலர்த்தி, இடித்து, பையில் அடைத்து ஒட்டிய கணத்திலிருந்து உங்கள் சமையலறை உணவு தயாரிக்கும் இடமாகிவிடுகிறது.

செய்ய வேண்டியது அவ்வளவு கடினமானதன்று. உங்கள் பிரிவுக்குரிய சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விண்ணப்பித்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எச் 800 என்ற பரிசோதனைப் படிவத்தை வைத்துக்கொண்டு இடத்தைப் பார்ப்பார். கிணறு மலசலகூடத்திலிருந்து எவ்வளவு தூரம், கழிவுநீர் எங்கே போகிறது, ஈயும் எலியும் புகாமல் அடைப்பு உண்டா, கைகழுவச் சவர்க்காரம் இருக்கிறதா என்பவைதான் பெரும்பாலும் பார்க்கப்படும். முற்றத்துப் பாயில் இலையைப் பரப்பி, அதன்மேல் கோழி நடந்துபோவதை நானே பல வீடுகளில் கண்டிருக்கிறேன். நிலத்திலிருந்து உயர்த்திய தட்டியும் மேலே ஒரு நுளம்பு வலையும் போட்டால் அந்தக் குறை அன்றைக்கே தீர்ந்துவிடும். பொடியை வெளி ஆலையில் இடிப்பதாக இருந்தால், அதே இயந்திரத்தில் உங்களுக்கு முன்னால் என்ன அரைபட்டது என்று கேட்டுப் பாருங்கள். லேபலில் பொருளின் பெயர், சேர்மானங்கள், நிகர நிறை, தயாரித்தவரின் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி ஆகியவை இருக்க வேண்டும். முருங்கைப் பொடிக்கு நீரிழிவு மாறும், இரத்த அழுத்தம் குறையும் என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள்; சிறு உற்பத்தியாளர்கள் பலர் தாமாகப் போய் விழும் குழி அது.

தம்பலகாமத்துத் தயிர் எழுதியது:

ஐயா சொன்ன சட்டம் சரி. ஆனால் படிவம் ஒன்றாக இருப்பதனால் சுமையும் ஒன்றாகிவிடாது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நாங்கள் எருமைப் பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, உறைமோர் விட்டு, சட்டியில் உறையவைத்து, கடதாசியால் மூடிக் கயிறு கட்டி, கண்டி வீதியோரக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள். வெள்ளை ஓடு பதித்த சுவரும், தனிக் களஞ்சிய அறையும், ஆய்வுகூட அறிக்கையும் ஒரு தொழிற்சாலைக்குக் கணக்கில் ஒரு வரி. எங்களுக்கோ அது ஒரு எருமையை விற்றுச் செய்ய வேண்டிய காரியம்.

பாலைக் காய்ச்ச வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. 63 பாகை செல்சியஸில் 30 நிமிடம் வைத்திருந்தால் புரூசெல்லா போன்ற கிருமிகள் இறந்துவிடும் என்று கால்நடை வைத்தியர் சொன்ன நாள் முதல், கண்மதிப்பை நம்பாமல் வெப்பமானி வைத்துத்தான் பார்க்கிறோம். அந்த வெப்பமானியின் விலை சில நூறு ரூபாய். அதனால் கிடைக்கும் பாதுகாப்போ பெரிது. சுவருக்கு ஓடு பதிப்பதற்குப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும். தயிரின் பாதுகாப்பில் அதன் பங்கு சிறிது. பரிசோதனைக்கு வருபவர் இரண்டையும் ஒரே எடையில் வைத்துப் புள்ளியிடும்போதுதான் சிறியவன் கைவிட்டுவிட்டு, பதிவே இல்லாமல் விற்கப் பழகிக்கொள்கிறான். இந்தியாவில் 2011இல் வந்த ஒழுங்குவிதிகள், வருட விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டவர்களைச் சிறு வியாபாரிகள் எனப் பிரித்து, உரிமம் கேட்காமல் 100 ரூபாய்க் கட்டணத்தில் எளிய பதிவோடு விட்டன. அப்படியொரு எளிய படிநிலை இங்கும் வேண்டும் என்பது என் கருத்து.

குச்சவெளிக் கமம் எழுதியது:

எல்லோரும் பையையும் போத்தலையும் பற்றியே பேசுகிறீர்கள். நான் கீரைக்கட்டுக்குத் திரும்புகிறேன். பதிவு தேவையில்லை என்பதற்காக ஆபத்தில்லை என்று ஆகாது. சமைக்காமல் சம்பல் போட்டுச் சாப்பிடும் வல்லாரையில், மாட்டெருவிலிருந்தும் அசுத்தமான கிணற்று நீரிலிருந்தும் கிருமி நேராக இலைக்கு வந்துவிடும். அமெரிக்காவின் சேதன வேளாண்மை விதிகள், உண்ணும் பகுதி மண்ணில் படும் பயிர்களுக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு முன் 120 நாட்கள் விட வேண்டும் என்கின்றன. ஒரு மாதத்தில் வெட்டும் கீரைக்கு அது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆகவே எருவைக் குவித்து, நீர் தெளித்து, புரட்டிப் புரட்டி நன்றாக மக்கவிட்ட பின்பே பாத்தியில் போட வேண்டும். குவியலுக்குள் கம்பியொன்றைச் செருகி எடுத்துத் தொட்டால் கை பொறுக்காத சூடு இருக்க வேண்டும்; அந்தச் சூடு வராத குவியல் இன்னும் பச்சை எருதான்.

அடுத்தது பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவான மருந்தின் லேபலில், தெளித்து எத்தனை நாளுக்குப் பின் பறிக்கலாம் என்று எழுதியிருக்கும். எங்கள் பக்கத்தில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் மாலையில் அடித்துவிட்டு, விலை ஏறியிருக்கிறது என்று மறுநாள் காலையிலேயே பறித்துச் சந்தைக்கு ஏற்றுபவர்கள் உண்டு. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தளர்த்தப்பட்ட இடைக்காலத்தில், லேபலே இல்லாத போத்தல்கள் கைமாறியதையும் கண்டோம். லேபல் இல்லாத மருந்தில் நாள் கணக்கைப் பார்ப்பதெப்படி? வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் தங்கச்சிக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது: நாலு பாத்திக்கு வேப்பங்கொட்டைக் கரைசலே போதும்.

கடல்கடந்த திருமலையான் எழுதியது:

நான் சில காலமாக அமெரிக்காவில் வசிக்கிறேன். உறவினர் அனுப்பிய காணொளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த வதந்தி, சட்டம் இன்னும் மசோதாவாக இருந்த காலத்திலேயே இங்கு சுற்றத் தொடங்கியது. 2006இல் பசளிக் கீரையில் பரவிய ஈ.கோலை கிருமியால் சிலர் உயிரிழந்ததும், அதன் பிறகு நிலக்கடலையில் வந்த சல்மொனெல்லாவும்தான் 2011 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்துக்குப் பின்னணி. அச்சட்டத்தின் கீழ் விளைபொருட்களுக்கான விதி 2015இல் வந்தது. தன் வீட்டுக்காகப் பயிரிடுபவரை அது தொடுவதே இல்லை. மூன்று வருடச் சராசரியில் ஆண்டுக்கு 25,000 டொலர் வரைக்கும் விளைபொருள் விற்பவரும் அதற்கு வெளியே. உணவு விற்பனை 500,000 டொலருக்குக் குறைந்து, அதில் பாதிக்கு மேல் நுகர்வோருக்கு நேரடியாகவோ, அதே மாநிலத்தில் அல்லது 275 மைலுக்குள் இருக்கும் கடைகளுக்கும் உணவகங்களுக்குமோ போகுமானால், பெரும்பாலான கட்டாயங்கள் தளர்ந்து, பண்ணையின் பெயரையும் முகவரியையும் விற்கும் இடத்தில் காட்டினால் போதும் என்றாகிறது. டொலர் வரம்புகளைப் பணவீக்கத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளவும் விதி இடமளிக்கிறது. ஐரோப்பாவின் 2004ஆம் ஆண்டு உணவுச் சுகாதார ஒழுங்குவிதியும், விவசாயி சிறிய அளவில் நேரடியாக விற்கும் மூல விளைபொருட்களை விலக்கி வைத்திருக்கிறது.

இருந்தும் சிறு பண்ணைகள் முறைப்படுவதில் நியாயம் உண்டு. சட்டம் விலக்கிய பண்ணையிடமும் பெரிய கொள்வனவாளர்கள் தணிக்கைச் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தச் செலவு அரசின் கையில் இல்லை. இலங்கையிலும் சுப்பர்மார்க்கெட்டுக்குக் காய்கறி கொடுக்க முயன்றவர்களிடம் விவசாயத் திணைக்களத்தின் நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். பி.எச்.ஐ. வருவதற்கு முன்பே கொள்வனவு அதிகாரி வந்துவிடுகிறார்.

உப்புவெளித் தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முருங்கைப் பொடிக்கு விண்ணப்பிக்க முடிவு செய்துவிட்டேன். ஊறுகாயில் மட்டும் ஒரு சந்தேகம்: தேசிக்காய் ஊறுகாயையும், பச்சைமிளகாயை எண்ணெயில் மட்டும் ஊறவைப்பதையும் ஒரே விதமாகக் கருதலாமா? எண்ணெயில் ஊறியதைத்தான் வாடிக்கையாளர்கள் அதிகம் விரும்புகிறார்கள்.

ஓய்வுபெற்ற பரிசோதகர் எழுதியது:

கருத முடியாது. தேசிக்காயிலும் வினாகிரியிலும் இருக்கும் புளிப்பே அந்த ஊறுகாயின் பாதுகாப்பு. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால், போட்டுலிசம் என்ற உயிராபத்தான உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமி அதில் வளராது. புளிப்பில்லாத மிளகாயை எண்ணெயில் அமிழ்த்தினால் காற்றுப் படாத இடமொன்று கிடைக்கிறது. அந்தக் கிருமிக்கு வேண்டியதும் அதுதான். நஞ்சு உருவானாலும் நிறமோ மணமோ மாற வேண்டிய கட்டாயமில்லை, ஆகவே திறந்து மணந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது. மிளகாயை முதலில் வினாகிரியில் நன்றாக ஊறவைத்து, புளிப்பு உள்ளே இறங்கிய பின் எண்ணெய் சேர்த்தால் சுவையும் பெரிதாக மாறாது. விண்ணப்பத்தோடு பரிசோதகரிடம் ஒரு போத்தலைக் கொடுத்து, பிஎச் அளவைப் பார்க்க எங்கே அனுப்பலாம் என்று கேளுங்கள். எண்ணெயில் மட்டும் ஊறிய போத்தல்கள் இப்போது கடையில் இருந்தால், இன்றைக்கே அவற்றைத் திருப்பி எடுத்துவிடுங்கள்.