புதுப்பிப்பு: ஊரடங்கில் தேங்கிய கொடுவா மீன்கள்

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டதும், மட்டக்களப்பு வாவியில் வலைக் கூடுகளில் வளர்க்கும் கொடுவாவை உடனே விற்பதா, தீனி போட்டுக் காத்திருப்பதா என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

காத்திருந்தோம். மீன் மெலியாத அளவுக்கு மட்டும் தீனி போட்டோம். ஆனால் பசித்த கொடுவா, கூட இருக்கும் சிறிய மீனையே விழுங்கிவிடும். அதனால் அளவு பார்த்துப் பிரித்து, வெவ்வேறு கூடுகளில் விட்டோம். இதைச் சொல்லித்தந்த வாழைச்சேனை அண்ணனுக்கு என்றும் கடன்பட்டிருக்கிறோம். ஹோட்டல்கள் மூடிக் கிடந்ததால், அனுமதி பெற்று, மோட்டார் சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு வீடு வீடாக விற்றோம்.

பெரிய அடி ஒக்டோபரில் விழுந்தது. கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா கொத்தணி, அதாவது ஒரே இடத்தில் பலருக்குத் தொற்று, என்ற செய்தி வந்ததும், மீன் என்றாலே சனம் ஒதுங்கியது. மீனுக்கு இந்த நோய் வராது. சந்தையில் நெருங்கி நின்ற மனிதர்களிடையேதான் அது பரவியது. முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர் ஊடகவியலாளர்கள் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் அளவுக்கு நிலைமை போனது! எங்களைத் தாங்கியவர்கள் வழக்கமாக வாங்கும் அக்காமார்தான்.

இனித் தொடங்குபவர்கள் எல்லாக் கூடுகளிலும் ஒரே நேரத்தில் மீன்குஞ்சு விட வேண்டாம். தவணை பிரித்து விட்டால், சந்தை மூடும்போது எல்லா மீனும் ஒன்றாக விற்பனைக்கு வளர்ந்து நிற்காது.